மனிதர் இயல்பிலேயே நியாயமானவர்களா? கிராமத்தில் பங்கீட்டுச் சோதனை நடத்த நினைக்கிறேன், குறை சொல்லுங்கள்

வைகைக்கரை மாணவி
2024 ஜூலை 6, இரவு 9.15

பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. என் வாதம் இது: மனிதர் இயல்பிலேயே இரக்கமுள்ளவர், சட்டமும் தண்டனையும் பிறகு வந்தவை. இதைக் காட்ட ஒரு சோதனை. கிராமத்துப் பள்ளி ஹாலில் 30 பேர். தலைமையாசிரியர் ஆள் திரட்டித் தருவார். பெயர், தகப்பனார் பெயர், தெரு படித்து வரிசையாகக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் கையிலும் பத்து ரூபாய் நாணயம் பத்து கொடுப்பேன். "முகம் தெரியாத இன்னொருவருக்கு இதில் எவ்வளவு கொடுப்பீர்கள்?" கொடுக்கும் தொகைதான் இரக்கத்தின் அளவு. வந்து போகும் படி தனியாக 50 ரூபாய், ஒரு மாதத்தில் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். இதில் என்ன தப்பு?

படிக்கல்
ஜூலை 6, இரவு 10.40

நாணயத்திலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பத்து ரூபாய் நாணயத்தைக் கடையில் வாங்க மாட்டார்கள். செல்லாது என்ற வதந்தி அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தும் தீரவில்லை. கடையில் எடுபடாத பத்து நாணயத்தில் ஐந்தை அடுத்தவர் பக்கம் தள்ளினால் அதை இரக்கக் கணக்கில் எழுதுவீர்களா?

நோட்டாகக் கொடுங்கள். வங்கியில் நூறு நோட்டுக் கட்டாக வாங்குங்கள். பழைய பத்து ரூபாய் நோட்டு 137 மி.மீ. நீளம், 2018இல் வந்த சாக்லேட் நிற நோட்டு 123. இரண்டையும் கலக்காதீர்கள். காரணம் நாளை.

படிக்கல்
ஜூலை 7, காலை 6.50

"கொடுக்கும் தொகைதான் இரக்கத்தின் அளவு." உங்கள் திட்டத்திலேயே ஆபத்தான வாக்கியம் இதுதான். இந்தத் துறை இருபது வருஷம் இந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

1982இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் வெர்னர் கூத்தும் வேறு இருவரும் அல்டிமேட்டம் ஆட்டத்தை நடத்தினார்கள். ஒருவர் பங்கு சொல்வார். மற்றவர் ஏற்றால் சொன்னபடி இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரு காசு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதுதான் லாபம் என்று பாடப்புத்தகப் பொருளியல் சொல்லும். ஆட்கள் அப்படி நடக்கவில்லை. பிற்பாடு பல நாட்டு மாணவர்களிடம் நடத்தியபோதும் நாற்பது முதல் ஐம்பது சதவீதம் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. இருபதுக்குக் கீழே போனால் ஏறக்குறைய பாதிப் பேர் மறுத்தார்கள்.

நீங்கள் நடத்தப்போவது அது அல்ல. உங்களுடையதில் மறுக்கும் உரிமை கிடையாது. அதற்குப் பெயர் டிக்டேட்டர் ஆட்டம். 1986இல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் 20 டாலரை வைத்து இரண்டே வழி கொடுத்தார்கள்: ஆளுக்குப் பத்து, அல்லது எனக்கு 18 உனக்கு 2. 76 சதவீத மாணவர்கள் ஆளுக்குப் பத்து என்றார்கள். கேட்கவே மனசு குளிர்கிறது. வழியைத் தாராளமாகத் திறந்துவிட்டதும் தொகை இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைக் கிறிஸ்டோஃப் எங்கெல் 2011இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது சராசரி 28 சதவீதம். மூன்றில் ஒருவருக்கும் மேல் ஒன்றுமே கொடுக்கவில்லை.

உங்கள் வாதத்தை அசைக்கும் சோதனை ஜான் லிஸ்ட் 2007இல் வெளியிட்டது. இருவர் கையிலும் ஐந்து ஐந்து டாலர். முதலாமவருக்கு மட்டும் கூடுதலாக ஐந்து. "இந்த ஐந்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அவருக்குக் கொடுக்கலாம்" என்றபோது 71 சதவீதம் பேர் ஏதாவது கொடுத்தார்கள். விதியில் ஒரே வரி சேர்த்தார்: "விரும்பினால் அவரிடமிருந்து ஒரு டாலர் எடுக்கவும் செய்யலாம்." கொடுத்தவர்கள் 35 சதவீதமாகக் குறைந்தார்கள். ஐந்து டாலர் வரை எடுக்கலாம் என்றபோது பத்துப் பேரில் ஒருவர்தான் கொடுத்தார்.

ஒரு வரியால் இரக்கம் பாதியாகிவிடுமா? ஆகாது. கொடுப்பதற்கு மட்டுமே வழி இருக்கும் அறையில், "இங்கே கொடுக்கச் சொல்கிறார்கள்" என்று ஆட்கள் புரிந்துகொள்கிறார்கள். எடுக்கவும் வழி இருந்தால், எடுக்காமல் விடுவதே நல்ல நடத்தை ஆகிவிடுகிறது. நீங்கள் அளப்பது அந்த அறையின் சொல்லப்படாத உத்தரவையும் சேர்த்துத்தான்.

வைகைக்கரை மாணவி
ஜூலை 7, காலை 8.05

நான் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் கொடுக்கிறார்கள் என்றால், பார்க்காமல் செய்ய வழி உண்டா?

படிக்கல்
ஜூலை 7, பிற்பகல் 1.30

உண்டு. ஹாஃப்மன், மெக்கேப், ஷாக்காட், ஸ்மித் நால்வரும் 1994இல் வெளியிட்ட முறை. உங்கள் அளவுக்கு மாற்றிச் சொல்கிறேன்.

முதல் அறையில் 15 பேர். அவர்களில் ஒருவரை எல்லோர் முன்னாலும் குலுக்கி எடுத்துக் கண்காணிப்பாளர் ஆக்குங்கள். மீதி 14 பேருக்கு 14 கவர். பன்னிரண்டு கவரில் பத்து நோட்டும் பத்து வெற்றுத் தாளும். இரண்டு கவரில் இருபதும் வெற்றுத் தாள். ஒவ்வொருவரும் ஒரு கவரை எடுத்துக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போய், இருபதில் விருப்பமான பத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, பத்தைக் கவரிலேயே விட்டு, ஒட்டி, பெட்டியில் போடுவார். நோட்டு முழுவதையும் எடுத்தவர் கவரும், பாதி எடுத்தவர் கவரும், ஒன்றும் எடுக்காதவர் கவரும் வெளியிலிருந்து ஒரே தடிமன். வெறும் தாள் வந்த கவரைப் பிரித்தாலும் யாரையும் கைகாட்ட முடியாது, ஏனென்றால் ஆரம்பத்திலேயே தாள் மட்டும் இருந்த கவர் இரண்டு உண்டு. ஆய்வாளருக்கும் தெரியாது.

இப்போது நேற்றுச் சொன்ன நோட்டு அளவு. வெற்றுத் தாளை 123க்கு 63 மி.மீ. வெட்டுங்கள். ஒரு ஏ4 தாளில் ஆறு வரும். தேவை 160, ஆக 27 தாள். 137 மி.மீ. நோட்டு ஒன்று கலந்தாலும் கவரின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக் கவரை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியும். பழுப்புக் கவர் வாங்குங்கள். நாணயம் என்றால் சத்தமே போதும்.

தட்டி இடுப்பளவு இருந்தால் கை அசைவு தெரியும், தோளுக்கு மேல் வர வேண்டும். தட்டிக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறதா என்று முந்தின நாளே நின்று பாருங்கள்.

இந்த முறையில் மூன்றில் இருவர் அளவுக்கு ஒன்றுமே விடவில்லை. உங்கள் தீசிஸுக்கு இது கசப்பாக இருக்கும். அதற்காக முறையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. வெறும் தாள் கவர் எடுக்கும் இருவருக்கு ஆட்டத்தில் ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது. அப்படி இரண்டு கவர் இருப்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்; படிக்காசு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்காணிப்பாளருக்கும் கூலி உண்டு.

படிக்கல்
ஜூலை 7, பிற்பகல் 1.50

கணக்கில் ஒரு திருத்தம். கொடுப்பவர் 14, கண்காணிப்பாளர் 1, அடுத்த அறையில் வாங்குபவர் 14. மொத்தம் 29. 30 பேரைக் கூப்பிட்டால் ஒருவர் மிஞ்சுவார். இரண்டு மூன்று பேர் வராமல் போகலாம் என்று 32 பேரைக் கூப்பிடுவது வழக்கம், அது சரிதான். ஆனால் மிஞ்சியவர்களையும் முழுப் படிக்காசு கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். நியாயத்தைப் பற்றி ஆய்வு செய்ய வந்தவர் வாசலில் வைத்தே ஒருவரை வெறுங்கையாக அனுப்பினால், உள்ளே நடப்பது எதுவும் எடுபடாது.

ரெண்டாம் நம்பர் வவுச்சர்
ஜூலை 7, மாலை 5.20

கல்லூரி நிதி அலுவலகத்தில் இருக்கிறவன் கேட்கிறேன். கவருக்குள் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது என்றால் ஆடிட்டில் என்ன காட்டுவது? ரசீதில் பெயர், தொகை, கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகாது. ஆதார் நகலும் கேட்பார்கள்.

படிக்கல்
ஜூலை 7, இரவு 9.00

சரியான கேள்வி. நிறைய சோதனைகளில் ரகசியம் உடைவது இங்கேதான். "யாருக்கும் தெரியாது" என்று அறையில் சொல்லிவிட்டு, வெளியே மேசையில் தொகை எழுதிக் கையெழுத்து வாங்கினால் சொன்னது பொய்யாகிவிடுகிறது. அடுத்த பிரிவு ஆட்களுக்கும் சேதி போய்விடும்.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். படிக்காசு எல்லோருக்கும் ஒரே தொகை. அதற்குப் பெயரோடு ரசீது வாங்கலாம், அதிலிருந்து எதுவும் தெரியாது. ஆட்டப் பணம் தனி. 12 கவர், கவருக்கு 100, ஆக 1,200 ரூபாய் வெளியே போனது. இது சோதனைக்கு முன்பே எண்ணி, கண்காணிப்பாளரும் இன்னொரு சாட்சியும் கையெழுத்திட்ட ஒரே வவுச்சர். இந்த ஏற்பாட்டை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கி, அதன் நகலை நிதி அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுங்கள். சோதனை முடிந்த பிறகு போய் நின்றால் கதவு திறக்காது.

வங்கிக் கணக்குக்கு ஒரு மாதத்தில் என்பதை எடுத்துவிடுங்கள். கையில் காசு, அன்றே, புறப்படும்போது. "வரும், வரும்" என்று கேட்டுக் கேட்டு ஏமாந்த ஊரில், பிறகு வரும் பணத்தை வைத்து யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். அந்தப் பணம் அவர்கள் மனக்கணக்கில் ஏற்கெனவே பூஜ்யம்.

50 ரூபாயும் குறைவு. தமிழ்நாட்டுக்கு 2024-25இல் நூறு நாள் வேலைக்கு அறிவித்திருந்த தினக்கூலி 319. அரை நாள் உட்கார வைத்தால் 160 கொடுங்கள். போன நேரத்துக்கும் இழந்த கூலிக்கும் ஈடு தருவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளிலேயே இருக்கிறது, கைடு கேட்டால் காட்டலாம்.

படிக்கல்
ஜூலை 8, காலை 7.15

பெயர், தகப்பனார் பெயர், தெரு படித்துக் கூப்பிடுவது. இதை ராத்திரியே எழுதியிருக்க வேண்டும்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். 642 பேர், பாதிப் பேர் மேல்சாதி, பாதிப் பேர் தலித் சிறுவர்கள். காகிதத்தில் வரைந்த சிக்கல் பாதைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததற்குத் தகுந்த காசு. சாதியைப் பற்றிப் பேச்சே இல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகச் செய்தார்கள். பிறகு இன்னொரு பிரிவில் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்கள். தலித் சிறுவர்கள் கண்டுபிடித்த எண்ணிக்கை கண்கூடாகச் சரிந்தது.

அதே வகுப்புப் பையன்கள், அதே மாதிரித் தாள், அதே காசு. ஒரு அறிவிப்பு மட்டும் கூடுதல்.

நம் கிராமத்தில் சாதியைச் சொல்லவே வேண்டாம். தெருவைச் சொன்னால் போதும். "மேலத்தெரு", "காலனி" என்று நீங்கள் வாசலில் படிக்கும் நொடியில் சோதனை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த அறிவிப்புக்கான பதில். டோக்கன் கொடுங்கள், எண் மட்டும். வரிசை எண்ணாக 1, 2, 3 கொடுத்தால் முதலில் வந்தவர் யார் என்று தெரியும். கலைத்துப் போட்ட எண்களைப் பையிலிருந்து அவர்களே எடுக்கட்டும். தெரு, சாதி தகவல் ஆய்வுக்குத் தேவையென்றால் எல்லாம் முடிந்த பிறகு தனியாகக் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்ற கட்டமும் வையுங்கள்.

உட்காரும் இடத்தையும் சொல்ல வேண்டும். பத்து நாற்காலியும் ஒரு ஜமுக்காளமும் இருக்கும் ஹாலில் யார் நாற்காலியில், யார் கீழே என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிடும். எல்லோருக்கும் நாற்காலி, இல்லையென்றால் எல்லோரும் தரையில். தண்ணீருக்கு ஒரே மாதிரி டம்ளர். இதெல்லாம் சோதனைக்கு வெளியே இருக்கிற விஷயம் என்று நினைக்கிறவர் அளந்து கொண்டுவருவது ஒன்றுமில்லை.

படிக்கல்
ஜூலை 8, காலை 7.40

தலைமையாசிரியர். நல்லவராகவே இருக்கட்டும். அவர் கூப்பிட்டால் பெற்றோர் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்படி வருவது சம்மதம் ஆகாது. அவர் ஹாலில் நின்றால் எல்லோரும் தாராளமாகிவிடுவார்கள். சுவரில் கண் படம் ஒட்டினாலே ஆட்கள் நேர்மையாகிறார்கள் என்று நியூகாசிலில் 2006இல் ஒரு டீ உண்டியல் ஆய்வு வந்தது. கண் படம் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்ததாம். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கண் படத்தால் தாராளம் கூடுவதாகத் தெரியவில்லை. படம் பொய்த்தாலும் உயிருள்ள தலைமையாசிரியர் பொய்க்க மாட்டார். ஹாலை மட்டும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை மாணவி
ஜூலை 8, இரவு 10.10

நாணயம் போனது, பெயர்ப் பட்டியல் போனது, தலைமையாசிரியரும் போனார். கவர் முறையில் மூன்றில் இருவர் ஒன்றும் விடவில்லை என்கிறீர்கள். அப்படியானால் என் வாதமே தவறா? மனிதர் கண் மறைந்தால் சுயநலம்தானா?

படிக்கல்
ஜூலை 9, காலை 6.30

அதுவும் இல்லை. அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள்.

2019இல் ஆலன் கோன் குழு வெளியிட்ட பணப்பை ஆய்வைப் பாருங்கள். 40 நாடுகள், 355 நகரங்கள், 17,303 பைகள். இந்தியாவும் உண்டு. வங்கி, தபால் நிலையம், ஹோட்டல், அருங்காட்சியகம் போன்ற இடங்களின் முகப்பு மேசையில் "தெருவில் கிடந்தது, நீங்களே சேர்த்துவிடுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பை கண்ணாடி போலத் தெரியும். உள்ளே மூன்று முகவரி அட்டை, மளிகைச் சீட்டு, ஒரு சாவி. சிலவற்றில் பணமும் உண்டு. பணமில்லாத பைக்கு 40 சதவீதம் பேர் உரிமையாளருக்குத் தகவல் அனுப்பினார்கள். சுமார் 13 டாலர் மதிப்புள்ள பணம் இருந்த பைக்கு 51. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றிலும் 94 டாலர் வைத்துப் பார்த்தபோது 72. பணம் கூடக் கூடத் திருப்பித் தருவது கூடியது.

இதில் எனக்குப் பிடித்த உறுப்பு சாவி. பணம் எடுப்பவருக்கும் உதவும். சாவி தொலைத்தவருக்கு மட்டுமே உதவும். பணம் இருக்கும் பையில் சாவியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது தகவல் அனுப்பியவர்கள் ஒன்பது சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைந்தார்கள். "பாவம், சாவி இல்லாமல் தவிப்பாரே" என்ற நினைப்புக்கு ஓர் எண் கிடைத்திருக்கிறது. ஒரு சாவியை வைத்து இரக்கத்தையும் "நான் திருடனாகிவிடக் கூடாது" என்ற எண்ணத்தையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தீசிஸ் எழுதும்போது இந்த மாதிரி ஓர் உறுப்பைத் தேடுங்கள்.

அவசரம் இரக்கத்தை என்ன செய்யும் என்பதற்கு 1973 பிரின்ஸ்டன். டார்லி, பேட்சன். இறையியல் மாணவர்கள் 40 பேர். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவார். நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் நின்று உதவினார்கள், சரியான நேரம் என்றால் 45, தாமதமாகிவிட்டது ஓடு என்றால் 10. அதே படிப்பு, அதே நம்பிக்கை. மாறியது கடிகாரம்.

"மனிதர் இரக்கமுள்ளவரா?" என்ற கேள்வியை மடித்து வைத்துவிட்டு, "எந்த ஏற்பாட்டில் இரக்கம் வெளியே வருகிறது, எதில் அடைபடுகிறது?" என்று கேளுங்கள். அதற்கு 29 பேரை வைத்தே உருப்படியான ஒரு துண்டுப் பதில் கிடைக்கும்.

படிக்கல்
ஜூலை 10, இரவு 8.45

நேற்றைய பணப்பைக் குறிப்புக்கு ஒரு திருத்தம். "திருப்பித் தருவது" என்று எழுதினேன். அவர்கள் எண்ணியது மின்னஞ்சல் வந்ததா என்பதைத்தான். மின்னஞ்சலே அதிகம் பழகாத நாட்டில் பையைப் பத்திரமாக மேசைக்குள் வைத்துக் காத்திருப்பவரும் "தராதவர்" கணக்கில் விழுவார். சீனாவில் இதைத் திரும்பச் செய்து 2023இல் வெளியிட்டவர்கள், மின்னஞ்சல் அனுப்பாத பலர் பையை அப்படியே பாதுகாத்து வைத்திருந்ததைக் காட்டினார்கள். ஆகவே நாடுகளை வரிசைப்படுத்தி "இந்தியா எத்தனையாவது இடம்" என்று எழுதாதீர்கள். ஒரே நாட்டுக்குள் பணம் இருந்த பைக்கும் இல்லாத பைக்கும் உள்ள வித்தியாசம் நிற்கும். நாட்டு வரிசை நிற்காது.

படிக்கல்
ஜூலை 11, மாலை 6.00

நியாயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அல்டிமேட்டம் ஆட்டத்தைச் சேருங்கள், ஏனென்றால் அதில் மறுக்கும் உரிமை இருக்கிறது. ஒரு ஜோடிக்கு 300 ரூபாய், அதாவது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. மூன்று பத்து ரூபாய் நோட்டு ஒரு கட்டு, அப்படிப் பத்துக் கட்டு. எழுத்து தெரியாதவரும் கட்டைத் தள்ளிவைத்துப் பதில் சொல்லலாம். 15 ஜோடிக்கு 4,500, படிக்காசு 160 வீதம் 30 பேருக்கு 4,800, மொத்தம் 9,300.

தமிழ்ச் சொல்லில்தான் பெரிய பொறி. "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்றால் தானம். "எதிராளி" என்றால் சண்டை. "கூட்டாளி" என்றால் பாதி கேட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். "நியாயமாகப் பிரியுங்கள்" என்றால் விடையையே சொல்லிவிட்டீர்கள். நான் எழுதுவது இப்படி: "இங்கே பத்துக் கட்டு இருக்கிறது. உங்களுக்கு எத்தனை, அடுத்த அறையில் இருப்பவருக்கு எத்தனை என்று நீங்கள் சொல்லுங்கள். அவர் சரி என்றால் நீங்கள் சொன்னபடி. வேண்டாம் என்றால் இருவருக்கும் இல்லை, பணம் எங்களிடம் திரும்பிவிடும்." இதை இரண்டு முறை படியுங்கள். உதாரணம் சொன்னால் அதே எண்ணைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மூன்று உதாரணம் சொல்லுங்கள், 8-2, 5-5, 2-8, வரிசையை ஒவ்வொரு பிரிவுக்கும் மாற்றுங்கள். பிறகு நான்கு சோதனைக் கேள்வி: "அவர் வேண்டாம் என்றால் உங்களுக்கு எத்தனை?" மாதிரி. தப்பாகச் சொல்கிறவரைத் திட்டாமல், எல்லோர் முன்னாலும் திருத்தாமல், தனியாக மறுபடி விளக்குங்கள். மூன்றாம் முறையும் புரியவில்லை என்றால் ஆடட்டும், பணம் வாங்கட்டும், பகுப்பாய்வில் மட்டும் தனியாக வையுங்கள்.

வாங்குபவரிடம் முன்கூட்டியே பூஜ்யம் முதல் பத்து வரை ஒவ்வொன்றுக்கும் சரியா வேண்டாமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் ஒரே ஆளிடம் 11 பதில் கிடைக்கும். ஒருவர் ஏழு கட்டு, எட்டுக் கட்டு என்றால் வேண்டாம் என்பார். புரியாமல் சொல்கிறார் என்று அடித்துவிடாதீர்கள்! பப்புவா நியூ கினியின் ஆவ், ஞாவ் மக்கள் பாதிக்கு மேல் வந்த பங்கை மறுத்திருக்கிறார்கள். அங்கே பெரிய அன்பளிப்பு என்பது பிறகு தீர்க்க வேண்டிய கடன். மொய் நோட்டு எழுதும் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டுமா? ஐயாயிரம் மொய் வந்தால் ஐயாயிரத்து ஒன்றைத் தேட வேண்டுமே என்ற கவலைதான்.

ஜோசஃப் ஹென்ரிக்கும் மானிடவியலாளர்களும் 15 சிறு சமூகங்களில் நடத்திய ஆட்டங்களில் வந்தது இது. பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரி 26 சதவீதம் கொடுத்தார்கள், அதையும் மறுப்பவர் அநேகமாக இல்லை. இந்தோனேசியாவின் லாமலேராவில் 58. லாமலேராக்காரர் மட்டும் கருணை மிகுந்தவர் என்று அர்த்தமில்லை. அவர்கள் படகு சேர்த்துத் திமிங்கிலம் பிடிப்பவர்கள்; பிடித்ததில் யாருக்கு எந்தத் துண்டு என்று பங்கு முறை இருக்கிறது. கென்யாவின் ஓர்மா மக்கள் பொதுநிதி ஆட்டத்தை (எல்லோரும் போட்ட பணத்தைப் பெருக்கி எல்லோருக்கும் பங்கிடும் ஆட்டம்) பார்த்ததும் "இது ஹராம்பே" என்றார்கள். ஊர்ப் பள்ளிக்கு வசூல் செய்யும் தங்கள் வழக்கம் அது. உங்கள் ஊர்க்காரர் "இது மொய் மாதிரியா, சீட்டு மாதிரியா" என்று கேட்டால் அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதில்தான் பதிலின் பாதி இருக்கிறது.

கூறுக்கறி
ஜூலை 12, காலை 9.30

தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஆடு எடுத்துக் கூறு போடுவார்களே, அதையே ஏன் ஆய்வு செய்யக் கூடாது? எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் வரணும். ஒரு கூறு ஈரல் குறைந்தால் பேச்சு வந்துவிடும்.

படிக்கல்
ஜூலை 12, இரவு 9.20

அருமையான இடம். எடைக்கல்லில் நிறுத்தால் கிலோ சரியாகிவிடும், கூறு சரியாகாது. ஒரே எடையில் ஒன்றில் சதை, ஒன்றில் எலும்பு. ஆகவே ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகக் கூறின் எண்ணிக்கைக்கு வெட்டி, சுற்றி வந்து போட வேண்டும். கடைசியில் கை நிறையத் துண்டும் துணுக்கும் மிஞ்சும். சர்ச்சை எழுவது அந்தக் கைப்பிடியில்தான். கூறு போட்டவர் கடைசியில் எடுக்கட்டும், அல்லது சீட்டுக் குலுக்கட்டும். எந்தக் கூறு தனக்கு வரும் என்று தெரியாதவர் கை தானாகவே சமமாகப் போடும். இரக்கம் கொஞ்சம் குறைந்த ஆளும் இந்த ஏற்பாட்டில் நியாயமாகத்தான் கூறு போடுவார்.

படிக்கல்
ஜூலை 13, காலை 7.00

குலுக்கல் என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. சோதனையில் யார் பங்கு சொல்பவர், யார் வாங்குபவர் என்று பிரிக்கும்போது உதவும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை அவற்றில் இருக்கிறது. குடும்பு (ஊரின் ஒரு பகுதி) வாரியாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். வயதில் மூத்த நம்பி (கோயில் பூசகர்) ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஓர் ஓலை எடுப்பான். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விரிந்த கை. பிறகு மத்தியஸ்தன் படிப்பான், அங்கிருக்கும் நம்பிமாரும் படிப்பார்கள்.

லேப்டாப்பில் எண் குலுக்கி "கம்ப்யூட்டர் எடுத்தது" என்று சொல்வதைவிட, ஒரு குடம், மடித்த சீட்டு, விரிந்த கை. புள்ளியியலுக்கு இரண்டும் ஒன்றுதான். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றல்ல.

கல்வெட்டின் அடுத்த பாதியையும் சொல்ல வேண்டும். குடத்துக்குள் பெயர் போவதற்கே கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். அது பிராமணர் சபை. குலுக்கிய முறையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஊரில் பெரும்பாலோர் பெயர் குடத்துக்குள்ளேயே போகவில்லை. உங்கள் 30 பேரும் எங்கிருந்து வருகிறார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து மட்டுமா? வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாகம் பாகமாகக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். கூப்பிடத் தூரமான தெருவுக்கு நீங்களே போங்கள்.

வைகைக்கரை மாணவி
ஜூலை 14, இரவு 11.00

300 ரூபாய் போதுமா? பெரிய தொகை என்றால் முடிவு மாறாதா?

படிக்கல்
ஜூலை 15, காலை 6.45

மாறும். 2011இல் வந்த ஓர் ஆய்வு, வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் நடந்தது. 20, 200, 2,000, 20,000 ரூபாய் என்று நான்கு நிலை. குறைந்த பங்கு சொல்லும்படி வாசகத்தையே அமைத்திருந்தார்கள், மறுப்பு எப்போது வரும் என்று பார்க்க. 20,000 என்ற நிலையில் மறுப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கில் பணம் எதிரில் இருக்கும்போது, பங்கு அநியாயம் என்று தெரிந்தும் வாங்கிக்கொள்கிறார்கள். அதை நியாய உணர்ச்சி செத்துவிட்டது என்று எழுதினால் பாவம். மாதக் கணக்கான கூலியை மானத்துக்காக விடும் நிலையில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். கூலித் தகராறில் குறைந்த கூலியை வாங்கிக்கொண்டு போகிறவரை "ஒத்துக்கொண்டார்" என்று எழுதும் கணக்கிலும் இதே பிழைதான்.

319 பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். அது அறிவித்த கூலி. வேலையை அளந்து கணக்கிடும்போது கைக்கு வருவது அதைவிடக் குறையலாம். விவசாயக் கூலி ஊருக்கு ஊர் வேறு, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று. ஊரில் விசாரித்து எது அதிகமோ அதில் பாதியைப் படிக்காசாக வையுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை.

படிக்கல்
ஜூலை 16, இரவு 8.10

நேரம் விட்டுப்போனது. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியிலிருந்து செல்போன் ஆப்பில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்துத்தான் வருகைப் பதிவு. நடுவில் இரண்டு மணி நேரம் உங்கள் ஹாலுக்கு வந்து ஒரு படத்தில் இல்லாமல் போனால் அன்றைய கூலியே போகலாம். நீங்கள் கொடுக்கும் 160ஐ வாங்கி 319ஐ இழந்திருப்பார். வேலை இல்லாத நாள் எது என்று பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

மறுக்கப்பட்ட 300 ரூபாயையும் முன்பே முடிவு செய்யுங்கள். "எங்களிடம் திரும்பிவிடும்" என்று சொன்னால் திரும்பத்தான் வேண்டும். பாவமாக இருக்கிறதே என்று கடைசியில் பிரித்துக் கொடுத்தால் மறுப்புக்கு விலையே இல்லை என்று அடுத்த பிரிவுக்குத் தெரிந்துவிடும். பிரிவுகள் எல்லாம் முடிந்த பிறகு, திரும்பி வந்த தொகை இவ்வளவு என்று ஊர்ப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்.